நாற்பத்தொன்றாம் எண் கட்டில்

அவரை எல்லோரும் ஆணி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. தெருவில் நடந்தால் அவர் கண் தரையை விட்டு மேலே வராது. வளைந்த ஆணி ஒன்று கிடந்தால் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் அதை ஒரு இரும்புத் துண்டின்மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, நீளம் பார்த்து டப்பாவில் போட்டுவைப்பார். இப்படி நிமிர்த்திய ஆணிகளை வைத்து ஒரு வீடே கட்டலாம் என்று கேலி பேசுவார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "கட்டலாம்தான். பலகை கிடைக்கலையே" என்பார்.

சட்டைப்பைகள் ஓட்டையாவதுதான் வீட்டில் பிரச்சினை. அவர் மனைவி ஒவ்வொரு சட்டைக்கும் உள்பக்கம் கெட்டித் துணி வைத்துத் தைத்துக் கொடுப்பாள். தைக்கும்போதெல்லாம் திட்டுவாள். திட்டிக்கொண்டே தைப்பாள். இருபத்தெட்டு வருடக் குடும்பம் இப்படித்தான் ஓடியது.

பேருந்துகளைக் கழுவுவதற்கென்று ஒரு காலத்தில் கட்டிய நீளமான கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. நகராட்சியில் நடையாய் நடந்து, அதிகாரிகளின் உயிரை வாங்கி, அதைக் கேட்டு வாங்கியவர் ஆணிதான். பதினாறு வருடமாக அது இரவல் கூடம். ஏணி, துளை போடும் மிஷின், தையல் மிஷின், தொட்டில், சக்கர நாற்காலி, கூடாரத் துணி என்று அறுநூற்றுச் சொச்சம் சாமான்கள் அங்கே உண்டு. எல்லாம் யாரோ வேண்டாம் என்று தள்ளியவை. ஆணி முடுக்கி, எண்ணெய் போட்டு, எண் எழுதி நிறுத்தியவை. வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். யாராவது புதிதாக எதையாவது வாங்கினார்கள் என்று தெரிந்தால் போதும், ஆணி பிடித்துக்கொள்வார்.

"துளை மிஷின் வாங்கினியாமே. ஒரு வீட்டுல அது வருஷத்துக்குப் பதினஞ்சு நிமிஷம் ஓடும். மிச்ச நேரமெல்லாம் அலமாரியில உட்கார்ந்து தவமா பண்ணுது? எங்கிட்ட கேட்டிருந்தா நாலு மிஷின் தந்திருப்பேனே."

வாங்கியவன் ஏன்தான் வாங்கினோமோ என்று போய்விடுவான். புதுசு என்ற சொல்லை ஆணி ஏதோ கெட்ட வார்த்தை மாதிரித்தான் உச்சரிப்பார். அப்படிப்பட்ட மனிதர் கடைசியில் என்ன செய்தார் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூடத்தின் சாமான்கள் அவர் பொறுப்பு என்றால், அட்டைகள் அவர் மனைவியின் பொறுப்பு. அவள் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவள். காகிதம் வெட்டும்போது விழுகிற ஓரத்து அட்டைகளைச் சேர்த்து எடுத்துவருவாள். அவற்றை ஒரே அளவாக நறுக்கி, முனை நைந்துபோகாமல் இருக்க நான்கு மூலைகளையும் வளைவாக வெட்டி, துளை கிழியாமல் இருக்கச் சுற்றி ஒரு சின்ன வட்டத்துண்டு ஒட்டி, நூல் கோத்து ஒவ்வொரு சாமானிலும் கட்டித் தொங்கவிடுவாள். எடுத்துப்போனவர்கள் திருப்பித் தரும்போது அதில் ஒரு வரி எழுத வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அவளையும் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அட்டைக்காரம்மாதான்.

ஒரு வரி என்றால் ஒரு வரிதான். நன்றி, வணக்கம், ரொம்ப உதவியாக இருந்தது என்றெல்லாம் எழுதினால் அவளுக்குப் பிடிக்காது.

"நன்றியை எங்க வீட்டுக்காரர்கிட்ட வாயில சொல்லிட்டுப் போங்க. அட்டையில இடம் கம்மி. அடுத்து எடுக்கிறவங்களுக்கு உபயோகமா எதுனா எழுதுங்க" என்பாள்.

அதனால் ஏணியின் அட்டையில் 'மூன்றாவது படியில் இரண்டு காலையும் வைக்காதீர்கள்' என்று இருக்கும். தொட்டிலின் அட்டையில் 'ஆட்டும்போது கிறீச்சென்று சத்தம் வரும், எண்ணெய் போடாதீர்கள், பிள்ளை அதைக் கேட்டுத்தான் தூங்குகிறது' என்று இருக்கும். ஒரு தையல் மிஷினின் அட்டையில் யாரோ 'இவள் அவசரக்காரி, மெதுவாக மிதியுங்கள்' என்று எழுதிவைத்திருந்தார்கள். அதைப் படித்து அட்டைக்காரம்மா ஒரு வாரம் சிரித்தாள்.

நாற்பத்தொன்றாம் எண் ஒரு இரும்புக் கட்டில். மருத்துவமனை கழித்துப் போட்டது. கால்மாட்டில் இரண்டு கைப்பிடிகள் உண்டு. ஒன்றைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும், மற்றதைச் சுற்றினால் முழங்கால் பக்கம் உயரும். கூடத்தில் இருந்த ஒரே நோயாளிக் கட்டில் அதுதான். அது ஒன்பது வீடுகளுக்குப் போய் ஒன்பது முறை திரும்பி வந்தது. ஏணி திரும்பி வந்தால் சுவர் வெள்ளையடித்தாகிவிட்டது என்று அர்த்தம். தொட்டில் திரும்பி வந்தால் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் கட்டில் திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று ஆணிக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அதைச் சோப்பு நீர் விட்டுக் கழுவி, திருகாணிகளை முடுக்கி, ஒரு மூலையில் நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அதன் அட்டையில் எடுத்த தேதியும் கொடுத்த தேதியும் தவிர வேறு எதையும் அவர் படித்ததில்லை. படிக்க மனம் வந்ததில்லை.

அட்டைக்காரம்மாவின் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. எடுத்தார்கள், மறுபடி கோத்தது. கடைசியில் டாக்டரம்மா ஆணியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இனிமே இங்க அலைய வேண்டாம். வீட்டுலயே வசதியா வச்சுக்குங்க. மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க, மூச்சு முட்டும். தலைப்பக்கம் உயர்த்துற மாதிரி கட்டில் ஒண்ணு ஏற்பாடு பண்ணிக்குங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் வந்து, கட்டில் வேண்டுமாம் என்பதை மட்டும் சொன்னார். மிச்சத்தை அவள் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"நாப்பத்தொண்ணு சும்மாதானே நிக்குது. கொண்டு வந்துடுங்க" என்றாள்.

"அது வெளிய போயிருக்கு" என்றார் ஆணி.

வாய் கூசாமல் வந்த பொய் அது. முதல் நாள்தான் அதற்கு எண்ணெய் போட்டிருந்தார். அன்று மதியமே கூடத்துக்குப் போய், நாற்பத்தொன்றைத் தள்ளிக்கொண்டுபோய்க் கடைசிச் சுவருக்கும் உடைந்த அலமாரிகளுக்கும் நடுவில் நிறுத்தி, கூடாரத் துணியைப் போட்டு மூடினார். ஒன்பது பேரை அனுப்பிவைத்த கட்டில். அதில் பத்தாவதாக இவளைப் படுக்க வைப்பதா? தலைகீழாக நின்றாலும் முடியாது என்று முடிவு செய்துகொண்டார். அறிவுக்கு அது சரியில்லை என்று தெரிந்தது. அறிவையெல்லாம் அவர் அன்றைக்குக் கேட்கிற நிலையில் இல்லை.

பக்கத்து ஊருக்கு வண்டி பிடித்துப் போனார். உள்ளூர்க் கடையில் வாங்கினால் மானம் போய்விடும். மோட்டார் வைத்த கட்டில். பொத்தானை அமுக்கினால் போதும், தானாக உயரும். கடைக்காரர் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் ஏற்றி அனுப்பினார். பதினாறு வருடத்தில் ஆணி வாங்கிய முதல் புதுச் சாமான்.

அதை நேராக வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. புதுசு என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஏன் என்று அவள் கேட்பாள். கேட்டால் நாற்பத்தொன்றின் கதை வெளியே வரும். அதனால் கட்டிலைக் கூடத்தில் இறக்கி, கதவைச் சாத்திக்கொண்டு, அவர் செய்த வேலையை வேறு யாராவது பார்த்திருந்தால் மூக்கின்மேல் விரலை வைத்திருப்பார்கள். உப்புத்தாளை எடுத்துப் பளபளவென்றிருந்த சட்டத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். கால்களைத் தேய்த்தார். மூலைகளைச் சுத்தியலால் லேசாகத் தட்டி ஒடுக்கினார். அழுக்கு எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசித் துடைத்தார். பழசைப் புதுசாக்கியே பழகிய கை, அன்றைக்குப் புதுசைப் பழசாக்கியது. நடுநடுவே அவருக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு தேய்த்தார்.

பிறகு அட்டை. ஒரு துண்டை எடுத்து நறுக்கி, மேலே அறுபத்திரண்டு என்று எண் போட்டு, இடது கை, வலது கை, சாய்ந்த எழுத்து, குண்டு எழுத்து என்று மாற்றி மாற்றி ஐந்து பேர் எழுதியதுபோல ஐந்து வரி எழுதினார். 'மிகவும் ராசியான கட்டில்.' 'அப்பா மூன்றே மாதத்தில் எழுந்து நடந்தார்.' 'நன்றாக இருக்கிறது, நன்றி.' 'என் தங்கை பூரண குணம்.' ஐந்தாவது வரிக்குக் கற்பனை வற்றிப்போய், 'நாங்களும் நலம்' என்று எழுதிவைத்தார்.

"தூரத்து ஊர்ல நம்மளைப் பார்த்து ஆரம்பிச்ச ஒரு கூடத்தை மூடுறாங்களாம். அங்கிருந்து வந்தது" என்று வீட்டில் சொன்னார்.

அட்டைக்காரம்மா அதில் சாய்ந்து படுத்துக்கொண்டு அட்டையை எடுத்துப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். அப்புறம் சட்டத்தை விரலால் தடவினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவருக்கு உயிர் வந்தது.

ஆனால் கட்டில் நன்றாக இல்லை. பொத்தானை அமுக்கினால் தலைப்பக்கம் உயரும்; உயர உயர அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழுக்கி வருவாள். அரை மணி நேரத்தில் கழுத்து மடங்கி, முகவாய் நெஞ்சில் இடித்து, மூச்சு முன்னைவிட மோசமாகும். ஆணி அக்குளில் கை கொடுத்து மேலே இழுத்துவிடுவார். மறுபடி வழுக்குவாள். மறுபடி இழுப்பார். ஒரு நாளைக்கு இருபது முறை, முப்பது முறை. நான்காம் நாளில் அவள் அக்குள்கள் இரண்டும் கன்றிப்போயின. இழுக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாளே தவிர ஒன்றும் சொல்ல மாட்டாள். அவர் தலையணையை மாற்றிப் பார்த்தார், மெத்தைக்கு அடியில் பலகை வைத்துப் பார்த்தார், சட்டத்தோடு துண்டால் கட்டிக்கூடப் பார்த்தார். கதவைத் திருத்துவார், காற்றாடியைத் திருத்துவார், எதைக் கொடுத்தாலும் திருத்துவார். இதைத் திருத்த அவருக்குத் தெரியவில்லை.

"நாப்பத்தொண்ணு அட்டையில இதுக்கு யாரோ ஏதோ எழுதியிருந்தாங்க" என்று ஐந்தாம் நாள் சொன்னாள். "வழுக்காம இருக்க ஒரு வழி. படிச்ச ஞாபகம் இருக்கு. என்னன்னுதான் வரமாட்டேங்குது. அந்தக் கட்டில் திரும்பி வந்தா அட்டையைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

"சரி" என்றார்.

பார்க்கவில்லை. கூடத்துக்குத் தினமும் போனார். கூடாரத் துணியைத் தாண்டித்தான் எண்ணெய் டப்பாவை எடுக்க வேண்டும். தாண்டினார், எடுத்தார், வந்தார். அதைத் தூக்கி ஒரு அட்டையைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும். பத்தாவது தடவையும் அவள் கேட்டாள், பத்தாவது தடவையும் அவர் "இன்னும் வரலம்மா" என்றார்.

பஞ்சர் ஒட்டுகிறவர் ஒருவர் நாற்சந்தியில் கடை வைத்திருந்தார். ஒரு நாள் அவர் கூடத்துக்கு வந்தார். அப்பாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, படுத்தால் மூச்சு வாங்குகிறது, நாற்பத்தொன்று கிடைக்குமா என்று கேட்டார். ஆணி அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டே சொன்னார்.

"ரிப்பேர்ல இருக்கு தம்பி. கைப்பிடி உடைஞ்சிருச்சு."

"எப்ப சரியாகும்ணே?"

"சாமான் கிடைக்கணும். சொல்லி அனுப்புறேன்."

இன்னொருவருக்காவது அந்தக் கட்டில் போகாமல் இருக்கட்டும், அதுவும் நல்லதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவரே அதை நம்பவில்லை. பதினாறு வருடத்தில், இருக்கிற சாமானை இல்லை என்று சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்பியது அதுதான் முதல் தடவை.

இருபத்திரண்டாம் நாள் காலையில் பஞ்சர்காரரின் மனைவி அட்டைக்காரம்மாவைப் பார்க்க வந்தாள். பழைய பழக்கம்; அவள் பிள்ளைகள் மூன்றும் கிறீச்சிடுகிற தொட்டிலில் தூங்கியவை. ஆணி அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். அறையிலிருந்து பேச்சு கேட்டது.

"உங்களுக்காவது கட்டில் இருக்குக்கா. மாமனார் பதினஞ்சு நாளா நாற்காலியிலயே உட்கார்ந்துதான் தூங்குறாரு. தலை முன்னால சாய்ஞ்சிடுதுன்னு வீட்டுக்காரரும் நானும் மாத்தி மாத்திப் பிடிச்சுக்கிறோம். காலு ரெண்டும் வீங்கிப்போச்சு."

"நாப்பத்தொண்ணைக் கேட்டிருக்கலாமே. யாருகிட்ட இருக்குன்னு தெரிஞ்சா முடிஞ்சதும் வாங்கித் தரச் சொல்றேன்."

"யாருகிட்டயும் இல்லையேக்கா. கைப்பிடி உடைஞ்சு கூடத்துலயே இருக்குன்னு அண்ணன் சொன்னாராமே."

அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. கஞ்சி அடிப்பிடிக்கிற வாடை வந்தும் ஆணி கிளறவில்லை. அந்தப் பெண் சொல்லிக்கொண்டு போகிற வரைக்கும் அடுப்படியிலேயே நின்றார். பிறகு கிண்ணத்தோடு உள்ளே போனபோது முகத்தில் ஈயாடவில்லை.

"உட்காருங்க" என்றாள் அவள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிந்தது அவளால். ஒவ்வொரு வார்த்தையையும் அவர் காத்திருந்து வாங்க வேண்டியிருந்தது.

"இது புதுக் கட்டில்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவர் கரண்டியால் கஞ்சியைக் கிளறினார்.

"பெயின்ட் எங்க போகும் சொல்லுங்க. மனுஷங்க கை வைக்கிற இடத்துல போகும். பக்கத்துல நின்னு பார்த்துக்கிறவங்க பிடிக்கிற இடத்துல போகும். நீங்க கால்ல போய்த் தேய்ச்சிருக்கீங்க. கட்டில் கால யாருங்க பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க?"

அவர் குனிந்து கட்டில் காலைப் பார்த்தார்.

"அட்டையில துளையைச் சுத்தி வட்டம் ஒட்டல. மூலையும் வெட்டல. அஞ்சு பேர்ல ஒருத்தர்கூட உபயோகமா ஒரு வார்த்தை எழுதல. நாங்களும் நலமாம். பொய் எழுதுறதுக்கும் ஒரு லட்சணம் வேணாமா?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்துவிட்டது. அடங்குகிற வரைக்கும் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"பயந்துபோய் வாங்கியிருக்கீங்க. பாவமா இருந்துச்சு. உங்க ஆறுதலுக்கு இதுல படுத்துட்டுப் போறேன்னு நினைச்சேன். நாப்பத்தொண்ணு நெசமாவே வெளிய போயிருக்குன்னு நினைச்சேன். அதை ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. அங்க ஒரு பெரியவர் நாற்காலியில உட்கார்ந்து தூங்குறாரு." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். "நமக்கு இது அடுக்காது."

"அதுல படுத்தவங்க ஒருத்தர்கூட..." என்று ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை. பெரிய மனிதர், அறுபதைத் தொடுகிறவர், கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

அவள் அழ விட்டாள். பிறகு சொன்னாள்: "அவங்க யாரும் கட்டிலால சாகலங்க. சாகப்போறவங்களைத்தான் அது தாங்கிச்சு. ஒன்பது பேரையும் எனக்குத் தெரியும். நான் பத்தாவதா போனா போறேன். இந்த மோட்டாரைப் பெரியவருக்குக் கொண்டுபோய்க் குடுங்க. எனக்கு நம்ம கட்டில் போதும். இன்னைக்கே."

அன்று மதியமே கட்டில் மாறியது. பஞ்சர்காரரும் ஆணியும் சேர்ந்து இறக்கினார்கள், ஏற்றினார்கள். பஞ்சர்காரர் எதையும் கேட்கவில்லை. கைப்பிடி உடையாமல் முழுசாக இருப்பதைப் பார்த்தார், ஒரு நிமிடம் ஆணியின் முகத்தைப் பார்த்தார், அப்புறம் தன் பக்கத்தைத் தூக்கினார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆணிக்குத் தேவலையாக இருந்திருக்கும். பெரியவருக்குப் பொத்தான் ரொம்பப் பிடித்துப்போய், நாள் முழுக்க மேலும் கீழும் போய்வந்துகொண்டிருக்கிறார் என்று பின்னால் செய்தி வந்தது.

நாற்பத்தொன்றை நிறுத்தியதும் அவள் முதலில் கேட்டது அட்டையைத்தான். அவளுக்குக் கண் மங்கியிருந்தது.

"நீங்க படிங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக அந்த அட்டையைப் படித்தார். முதல் வரி, கைப்பிடியை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பது. இரண்டாவது வரியைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

"என்ன எழுதியிருக்கு?"

"முதலில் முழங்கால் பக்கத்தை நான்கு சுற்று ஏற்றுங்கள், அப்புறம் தலைப்பக்கம். மாற்றிச் செய்தால் ஆள் வழுக்கி வருவார்."

"அதான். அதேதான்" என்றாள் அவள், தொலைந்த சாவி கிடைத்த மாதிரி.

அவ்வளவுதான் விஷயம். முழங்கால் உயர்ந்திருந்தால் உடம்பு கீழே வராது. அந்த மோட்டார்க் கட்டிலிலும் கால்பக்கத்துக்கு ஒரு பொத்தான் இருந்தது; எதற்கு என்று தெரியாமல் அவர் அதைத் தொடவே இல்லை. இருபத்திரண்டு நாள், நாளைக்கு முப்பது முறை, கன்றிப்போன அக்குளில் கை கொடுத்து இழுத்திருக்கிறார். ஒரு வரி. அவள் பத்து முறை கேட்ட ஒரு வரி. கூடாரத் துணிக்கு அடியில் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் நான்கு சுற்று சுற்றினார். பிறகு தலைப்பக்கத்தை ஏற்றினார். 'ஏழு சுற்றில் இருமல் குறையும், எட்டு வேண்டாம்' என்று ஆறாவது ஆள் எழுதியிருந்தார், ஏழோடு நிறுத்தினார். அவள் வழுக்கவில்லை. தலை நேராக நின்றது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அப்படியே இருந்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அன்று பகலில் அசந்து தூங்கினாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, தூங்குகிறவளைப் பார்த்துத் தன்னைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் அட்டை சொன்னபடிதான் நடந்தது. கம்பி குளிரும், துணி சுற்றுங்கள் என்றிருந்தது. சட்டைப்பைக்கு அவள் வைத்துத் தைக்கிற கெட்டித் துணியைக் கிழித்துச் சுற்றினார். சன்னல் தெரிகிற மாதிரி போடுங்கள் என்று ஒரு மகள் எழுதியிருந்தாள், கட்டிலைத் திருப்பினார். கடைசி நாட்களில் குரல் தாழ்ந்துவிடும், காதைக் கிட்டே கொண்டுபோங்கள் என்று இருந்தது. அதுவும் அப்படியே ஆயிற்று. ஏழாவது வரியை யார் எழுதினார்களோ, கோணல்மாணலான எழுத்து: 'விளிம்பில் ஒருவர் உட்காரலாம். தாங்கும். நான் உட்கார்ந்திருந்தேன்.' புதுக் கட்டிலில் ஒருவர் மட்டும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால் அவர் அத்தனை நாளும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். இப்போது விளிம்பில் உட்கார்ந்தார். தாங்கியது. அவள் தன் கையை அவர் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அட்டையில எழுதிடுங்க" என்று ஒரு நாள் காதருகில் சொன்னாள். "ஒரு வரிதான். நன்றி எழுதக் கூடாது."

ஒரு மதிய வேளையில் சன்னலைப் பார்த்தபடியே போய்விட்டாள். அவர் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஒரு மாதம் ஆகியும் நாற்பத்தொன்று கூடத்துக்குத் திரும்பவில்லை. எடுத்தால் வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று ஊருக்கே சட்டம் பேசியவர், தானே தரவில்லை. தினமும் மெத்தையைத் தட்டி, கம்பியைத் துடைத்து, விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருப்பார். சட்டைப்பை ஒன்று ஓட்டை விழுந்தது. ஆணிகள் வழியெல்லாம் சிந்தின. அவர் குனிந்து எடுக்கவில்லை.

அப்புறம் ஒரு காலையில் ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறவள். கூடம் பூட்டியிருந்ததால் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கணவனுக்கு முடியவில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்றாள். சொல்லும்போது அழவில்லை. திண்டாடிப்போன முகம். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆணிக்கு எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்தது அவளுக்கும்.

"ஒரு கட்டில் இருக்காமே. ஆனா எல்லாரும் வேண்டாங்கிறாங்கண்ணே. அதுல படுத்தவங்க யாரும் எந்திரிக்கலையாம். நெசமா?"

"நெசந்தான்" என்றார் ஆணி.

அவள் போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அட்டையை எடுத்து விளிம்பில் உட்கார்ந்தார். ஐந்து பொய் வரிகளை ஒரே மூச்சில் எழுதிய கைக்கு இப்போது ஒரு வரி வரவில்லை. பேனாவைத் திறந்தார், மூடினார். அட்டைக்காரம்மா எப்படி இருந்தாள், எப்படிச் சிரித்தாள், சட்டைப்பையைத் தைத்துக்கொண்டே எப்படித் திட்டுவாள் என்று எழுதினால் அட்டை போதாது. அதெல்லாம் அடுத்து எடுக்கிறவளுக்கு உபயோகமும் இல்லை. கடைசியில் எழுதினார். எழுதி முடித்துப் பார்த்தால் ஒரு வரிக்கு மேல் போயிருந்தது. அவள் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டிருப்பாள்.

அட்டையைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இரண்டாவது வரியைத் திரும்பப் படித்தாள். ஏழாவது வரியில் கொஞ்சம் நின்றாள். கடைசிக்கு வந்தாள். அங்கே மை இன்னும் காயவில்லை.

'மேலே இருப்பதெல்லாம் சரி. ராசி பார்த்துக்கொண்டு இருபத்திரண்டு நாளை வீணாக்கினேன். அவளுக்கு மொத்தமே முப்பத்துமூன்று நாள்தான் இருந்தது. இன்றைக்கே எடுத்துப்போங்கள்.'

"இது யாரு எழுதினது?" என்று கேட்டாள்.

"நான்."

அவள் அட்டையை நூலோடு கையில் சுற்றிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றாள். பெயின்ட் போயிருந்த இடத்தில்தான் அவள் கை போய்ப் பிடித்தது.

"தூக்குங்கண்ணே" என்றாள்.